விரல் நீளக் கீறல்

ஆடு காரின் பானெட் மேல் நின்றுகொண்டு, தாழ்ந்து தொங்கிய புளியங்கிளையை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

ஜீவானந்தம் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே போட்டுவிட்டான். "தேவயானி! உன் ஆடு மயிலு இன்னா பண்ணுது வந்து பாரு!"

அவன் மனைவி தேவயானி வாசலுக்கு வந்து பார்த்தாள். "பாவம், எட்டல போலருக்குது. அதான் ஏறி நிக்குது."

"அது ஏறி நிக்கிறது உங்க அண்ணன் காரு!"

அப்போதுதான் அவள் முகம் மாறியது.

கறுப்பு நிறக் கார். வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. தேவயானியின் அண்ணன் ராஜ்குமார் இதே மலையில் பிறந்தவன். கணியம்பாடிக்கு இறங்கிப் போய்ப் புளி வியாபாரத்தில் காலூன்றிவிட்டவன். காலையில் மனைவி அருணாவோடு ஜமுனாமரத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்தவன், உள்கிராமத்தில் ஒரு காதுகுத்து என்றும், அந்த ரோட்டில் புது வண்டியை இறக்க மனசு வரவில்லை என்றும் சொல்லி, காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஜீவானந்தத்தின் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"மாப்ள, வண்டி மேல ஒரு தூசு படக் கூடாது. அஞ்சு மணிக்கு வந்துடுறேன். வந்ததும் மரத்து விஷயத்த பேசி முடிச்சிடலாம்."

மரம் என்பது அந்தப் புளியமரம்தான். வீட்டு வாசலை ஒட்டி, இரண்டு குடும்பத்து நிலத்துக்கும் நடு வரப்பில் நிற்கிறது. எட்டு வருஷமாக மச்சானும் மாப்பிள்ளையும் அதற்காகச் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு வருகிறார்கள். இந்தத் தடவை ஜீவானந்தம் தயாராக இருந்தான். சர்வேயரைக் கூட்டி வந்து அளந்தாயிற்று. மரம் முக்கால்வாசி அவன் பக்கம். அவர் வரைந்து கொடுத்த படத்தைப் பீரோவில் பூட்டி வைத்து, ஐந்து மணிக்காகக் காத்திருந்தான். அந்த மரம் அவனுக்கு உயிர். அதைவிட, மச்சானிடம் தோற்காமல் இருப்பது இன்னும் கொஞ்சம் கூடுதலான உயிர்.

ஆட்டை இறக்கிவிட்டுப் பார்த்தால் பானெட்டின் நடுவில் ஒரு கீறல். விரல் நீளம் இருந்தது.

"இத வச்சே உங்க அண்ணன் என் வாய அடச்சிடுவான். 'என் வண்டிய நாசம் பண்ணிட்டு மரத்துல பங்கு கேக்கிறியா'ம்பான்."

"கொஞ்சம் தேங்காண்ணெ தடவிப் பாருங்க. நான் வேலைக்குப் போற ஆபீசு பீரோவுக்கு அப்டித்தான் தடவுவோம்."

தடவினான். கீறல் மறைந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிரித்து முடிப்பதற்குள் சந்தைக்குப் போன லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. எண்ணெய் தடவிய இடத்தில் மட்டும் புழுதி நன்றாக அப்பிக்கொண்டது. அதைத் துணியால் அழுத்தித் துடைத்தான். ஒரு கீறல் இருந்த இடத்தில் இப்போது வட்ட வட்டமாகப் பத்துப் பதினைந்து கீறல்கள் இருந்தன.

பஜாரில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் துரைக்கண்ணு, தன்னை ஒரு டாக்டராகவே நினைத்து வாழ்பவர். நோயாளியைப் பார்க்காமலே வைத்தியம் சொல்வார். ஓடி வந்த ஜீவானந்தம் விஷயத்தைச் சொன்னதும், மூன்று பாட்டில்களையும் தேய்ப்பதற்கான மூன்று பேடுகளையும் கண்ணாடி மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

"ஒண்ணாம் நம்பர் பாலிஷ், கரகரன்னு இருக்கும், அறுத்துத் தள்ளும். ரெண்டாம் நம்பர் நடுத்தரம். மூணாம் நம்பர் நைசு, பளபளப்புக்கு மட்டும். பேடும் அதே மாதிரிதான். கம்பளி முரடு, மஞ்ச ஸ்பாஞ்சு நடுத்தரம், கறுப்பு ஸ்பாஞ்சு மெத்து. எப்பவும் மெத்துலருந்துதான் ஆரம்பிக்கணும். மூணாம் நம்பரு, கறுப்பு ஸ்பாஞ்சு. அதுல போவலன்னா மட்டும் ஒரு படி மேல போ."

"எது சீக்கிரம் போவும்ணே?"

"கேட்டியா நான் சொன்னத?"

"கேட்டேண்ணே. அஞ்சு மணிக்கு ஆளு வந்துடுவான். எது சீக்கிரம்?"

துரைக்கண்ணு பெருமூச்சு விட்டு ஒண்ணாம் நம்பரையும் கம்பளியையும் நகர்த்தினார். "சளிக்கு ஆபரேஷன் பண்றேன்ற. பண்ணு. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சிக்க. பெயிண்ட்டு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது பிஞ்சிதுன்னா அப்பால அந்த வண்டிய யாராலும் காப்பாத்த முடியாது."

பேடைச் சுற்ற மெஷின் வேண்டும். தச்சு வேலை செய்யும் ரங்கனிடம் துளை போடும் மெஷின் இருந்தது. மெஷினைத் தனியாகத் தரமாட்டான் என்பதால் ரங்கனும் கூடவே வந்தான்.

"கதவுக்குப் பாலிஷ் போட்ட கைதானே இது, கவலய வுடு" என்றான் ரங்கன்.

கம்பளியில் பாலிஷைத் தாராளமாக ஊற்றி மெஷினை முடுக்கினான். பாலிஷில் பாதி சுவரில் போய் விழுந்தது. கால் பங்கு தேவயானியின் புடவையில். மயிலுக்கு முகத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் கிடைத்தது. மீதி காருக்கு. இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டுத் துடைத்துப் பார்த்தார்கள்.

கீறல் போயிருந்தது. அந்த இடத்தில் முறுக்குத் தட்டு அளவுக்கு ஒரு மங்கல் வட்டம் இருந்தது.

"இது முன்னாடியே இருந்துதா?" என்று ரங்கன் கேட்டான்.

ஜீவானந்தம் மறுபடி பஜாருக்கு ஓடினான். இரண்டாம் நம்பரும் மஞ்சள் ஸ்பாஞ்சும் வந்தன. மங்கல் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் முறத்தளவு அகலமாகிவிட்டது. இப்போது அந்த இடம் ஒரு நிறம், மீதி பானெட் ஒரு நிறம்.

"எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா வித்தியாசம் தெரியாதில்ல?" என்றாள் தேவயானி.

நல்ல யோசனை என்று அப்போது மூன்று பேருக்கும் தோன்றியது. முழு பானெட்டையும் ஒரே மாதிரி மங்கலாக்க மறுபடி கம்பளிக்குத் திரும்பினார்கள். மூன்றரை மணிக்குப் பானெட் முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது. கறுப்புக் காருக்குச் சாம்பல் பூசினது போலத்தான் இருந்தது என்றாலும், ஒரே நிறம். அந்தத் திருப்தியில் ரங்கன் ஓரத்தையும் விடுவானேன் என்று மெஷினைச் சற்று விளிம்புப் பக்கம் கொண்டுபோனான்.

'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

பானெட்டின் மூலையில் மெல்லிசாக, கண்ணாடி மாதிரி ஏதோ ஒன்று பாலாடைபோல எழும்பி நின்றது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஜீவானந்தம் அதை விரல் நுனியால் தொட்டான். "அந்தப் பூச்சு... துரைக்கண்ணு அண்ணே சொன்ன பூச்சு..."

"பிஞ்சிபோச்சா?" என்று தேவயானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதறாத. எங்கிட்ட மரப்பசை இருக்குது" என்றான் ரங்கன்.

மரப்பசையைத் தடவி, எழும்பியதை அமுக்கி, காயும்வரை நகராமல் இருக்க அதன்மேல் ஒரு சாமை மூட்டையைத் தூக்கி வைத்தார்கள். ஜீவானந்தம் மணியைப் பார்த்தபடியே படவேட்டு அம்மனுக்கு இரண்டு வேண்டுதல் வைத்தான். ஒரு மணி நேரம் கழித்து மூட்டையை எடுத்தபோது பசை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் கோணியின் நெசவு, ஒரு இழை விடாமல் அழகாகப் பதிந்திருந்தது.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. மணி நாலே முக்கால். வாழ்க்கையில் முதல் தடவையாக ராஜ்குமார் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்திருந்தான்.

அருணா பைக்கிலிருந்து இறங்கி, "புழுதி தாங்கல, மூஞ்சி கழுவிக்கினு வர்றேன்" என்று நேராகப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். ராஜ்குமார் காரை நோக்கி வந்தான். நின்றான். குனிந்தான். கோணி நெசவை விரலால் தடவினான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

எட்டு வருஷத்தில் மச்சானை ஜீவானந்தம் இப்படிப் பார்த்ததில்லை. புளியமரம், சர்வேயர், படம் எல்லாம் மறந்துபோயிற்று.

"மச்சான், அழுவாதீங்க மச்சான். ஆடு ஏறிடிச்சி. ஒரு கீறலு, இம்மாந்தான். அத சரி பண்ணலாம்னுதான்..."

ராஜ்குமார் துண்டை எடுக்காமலே தலையசைத்தான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது. "உசுரா நெனச்சி வாங்கின வண்டி மாப்ள" என்றான், குரல் நடுங்க. "இருபது நாளுதான் ஆவுது. நான் இன்னா சொல்றது? உன்னயும் தப்பு சொல்ல முடியல. நீ நல்லது பண்ணணும்னுதான் பண்ணியிருக்கிற."

திட்டியிருந்தால் ஜீவானந்தம் தாங்கியிருப்பான். திருப்பித் திட்டியிருப்பான். இந்தப் பெருந்தன்மை அவனை அடித்துப் போட்டுவிட்டது.

"மச்சான், மரத்த நீங்களே வச்சிக்கங்க."

"இன்னாங்க சொல்றீங்க?" என்று தேவயானி பதறினாள்.

"நீ சும்மா இரு. வண்டிய பாழ் பண்ணிட்டு மரத்துக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு பேசுவேன்?"

"வேணாம் மாப்ள, வேணாம்" என்றான் ராஜ்குமார். "சரி, உன் மனசு ஆறணும்னா எழுதிக் குடு."

கம்பளிப் பேடு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதினார்கள். வரப்பில் உள்ள புளியமரம் வேர் முதல் கொழுந்து வரை மச்சானுக்கே என்று எழுதி ஜீவானந்தம் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு ரங்கன் போட்டான். பீரோவிலிருந்த சர்வேயர் படத்தையும் ஜீவானந்தமே எடுத்து வந்து கொடுத்தான். ராஜ்குமார் இரண்டையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டான்.

தேவயானி அண்ணனுக்கும் புருஷனுக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். முகத்தில் பாலிஷோடு நின்ற மயிலை மட்டும் தடவிக்கொடுத்தாள்.

அருணா முகத்தைத் துடைத்தபடி பின்கட்டிலிருந்து வந்தாள். பானெட்டைப் பார்த்தாள், கண் கலங்கி நிற்கும் ஜீவானந்தத்தைப் பார்த்தாள், பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, வண்டி மேல ஒட்டியிருக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள உரிச்சிட்டா உள்ள பெயிண்ட்டு புதுசா அப்டியே இருக்கும்னு ஷோரூம்ல சொன்னாங்களே, அத ஜீவானந்தம் அண்ணனாண்ட நீங்க சொல்லவே இல்லியா?"