ஹெலன் மிஸ் மணியடித்த நாள்

தேவாலயத்து மணிக்கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை வந்தால் அதை ஒருமுறை யோசித்துப் பார்க்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. (இப்போது மட்டும் இருக்கோ என்று அம்மா கேட்பார்.)

கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயற்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு முதல் நியமனம் மன்னார்த் தீவின் ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பள்ளி மதிலுக்கு அடுத்த பக்கம் தேவாலயம், அதற்கு அடுத்த பக்கம் கடல். அங்கே ஆங்கிலம் கற்பிக்க இங்கிலாந்திலிருந்து வந்திருந்தவர் ஹெலன். அவருக்கு உதவி ஆசிரியர் நான். இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

ஹெலனின் நாட்கள் லேசானவை அல்ல. அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து "குட் மோணிங் மிஸ்" என்று இராகம் இழுப்பார்கள். யாரோ பெரியவர் வந்துவிட்டார் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். வீடு திரும்பும்போது ஒவ்வொரு வீட்டுப் படலையிலும், "மிஸ், கலியாணம் கட்டீட்டியளோ?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் ஆறுதலுக்கு ஒரு மீன் கொடுப்பார்கள். ஹெலன் மரக்கறி மட்டுமே சாப்பிடுபவர். ஊரின் அனுதாபம் முழுவதும் என் சட்டியில்தான் கொதித்தது.

எங்கள் இருவருக்கும் ஓர் ஆசை இருந்தது. எட்டாம் வகுப்பை வெளியே கூட்டிப்போய், ஊருக்குள் நடந்தபடி ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும். அதிபரிடம் கெஞ்சினோம்.

"ஒருக்கால் செய்து பாருங்கோ பிள்ளை. ஏதும் பிழைச்சுதோ, பிறகு புத்தகமும் கரும்பலகையும்தான்" என்றார்.

புதையல் தேடும் விளையாட்டு ஒன்றைத் தயாரித்தோம். பெருக்கமரத்தடியில் ஒரு குறிப்பு, குழாயடியில் ஒரு குறிப்பு, கடைசிக் குறிப்பு மணிக்கயிற்றடியில். அங்கே வந்து சேர்ந்ததும் வெற்றி மணி ஒலிக்கும். பள்ளிக்கூட மணி என்பது கயிற்றில் தொங்கும் ஓர் இரும்புத் துண்டு. அதைத் தட்டினால் வெற்றி பெற்ற மாதிரியா இருக்கும்?

தேவாலய வளவில் விளையாடப் பாதரிடம் அனுமதி கேட்டோம், தந்தார். மணியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் உள்ளே போகிற எவரும் மணியை ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஹெலனின் ஊரிலோ தேவாலய மணிகளைக் கூட்டமாகச் சேர்ந்து இழுப்பது ஒரு பொழுதுபோக்காம். கயிற்றைப் பார்த்ததும் அவர் கண்கள் மின்னின. இரண்டு நாட்டுக்காரர் ஒரு விஷயத்தில் உடனே ஒத்துப்போகிறோமே என்று நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

போதாதற்கு ஒரு சட்டமும் போட்டேன். யாரும் தமிழ் பேசக் கூடாது. பேசினால் புள்ளி குறையும்.

விளையாட்டு நன்றாகவே தொடங்கியது. குழாயடிக் குறிப்பைக் கழுதை தின்றுவிட்டதைத் தவிர. (மன்னாரில் கழுதையைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட்டவள் நான்.) பிள்ளைகள் எப்படியோ மணிக்கயிற்றடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஹெலன் கையை உரசிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

பிள்ளைகளில் ஒருத்தி, டிலானி, பாய்ந்து வந்தாள். "ரீச்சர்! பெல், நோ!"

"முழு வசனமாய்ச் சொல்ல வேணும்" என்று ஆங்கிலத்தில் திருத்தினேன்.

"ரீச்சர்... பீப்பிள்... கம்... போட்..."

"பீப்பிள் கம் பை போட்! எக்ஸலன்ற்!"

அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். எவ்வளவு கட்டுப்பாடு என்று பூரித்துப்போனேன்.

ஹெலன் இழுத்தார். பிள்ளையார் கோயில் தட்டல் அல்ல அது. முதுகு வளைத்து, மூச்சுப் பிடித்து, பயின்ற கையால் இழுத்த இழுப்பு. கடல் வரைக்கும் கேட்டது.

முதலில் ஓடிவந்தவர் பக்கத்து வீட்டுச் செலின் அக்கா, கையில் அகப்பையோடு. "என்ரை மனுசன் எங்கை? ஐயோ, என்ரை மனுசன்!" அவருக்குப் பின்னால் ஊரே வந்தது.

"பார், பெற்றோரும் கலந்துகொள்ள வருகிறார்கள்!" என்று ஹெலன் இன்னும் உற்சாகமாக இழுத்தார். கடலில் நின்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைப்பக்கம் முகத்தைத் திருப்பின.

தேவாலயத்துக்குப் பொறுப்பான மூப்பர் வந்து கயிற்றை எட்டிப் பிடித்தார். "ஆரைக் காணேல்லை?"

நான் அவசரமாகப் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினேன். டிலானிதான் புள்ளியைத் துறந்தாள்.

"ரீச்சர், நேரமில்லாத நேரத்திலை கோயில் மணி அடிச்சா, கடலிலை ஆருக்கோ ஆபத்து எண்டு அர்த்தம்! அதைத்தானே அப்பவிலையிருந்து சொல்லுறன்!"

"இதைத் தமிழிலை சொல்லியிருக்கலாமே பிள்ளை!"

"புள்ளி குறையுமே ரீச்சர்."

வள்ளங்கள் வந்து மணலில் ஏறின. "வலையை அப்பிடியே விட்டிட்டு ஓடி வாறம். என்ன நடந்தது?" என்றார்கள். சொன்னேன். சொறி என்று மன்னிப்பும் கேட்டேன்.

"நீங்கள் சொறி சொன்னா, போன மீன் திரும்பி வருமோ ரீச்சர்?"

அதற்குள் அதிபரும் வந்துவிட்டார். ஏசவில்லை. "நாளைக்குப் புத்தகத்தைக் கொண்டு வாங்கோ" என்றார், அவ்வளவுதான். எங்கள் வெளிவகுப்பு அந்த மணலிலேயே செத்துப்போனது.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள்: "எல்லாரும் வந்தாச்சு. அன்ரன் எங்கை?"

அன்ரன், செலின் அக்காவின் கணவர். விடியவே கடலுக்குப் போனவர். செலின் அக்கா அகப்பையோடு மணலில் குந்திவிட்டார். மூப்பர் வள்ளம் ஒன்றைத் திரும்பத் தள்ளச் சொன்னார். பொய்யாக அடித்த மணி உண்மையாகிவிட்டதோ என்று நானும் அந்த வள்ளத்தில் கை வைத்துத் தள்ளினேன்.

கரையில், வலைகள் வைக்கும் வாடியின் தட்டி மெல்ல விலகியது. இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தபடி அன்ரன் அண்ணை வெளியே வந்தார். கையில் விசிறி மாதிரி விரித்தபடி சீட்டுக்கட்டின் பாதி.

"என்ன சனம் கூடி நிக்குது? ஆருக்கு என்ன?"

செலின் அக்கா எழும்பினார். "நீங்கள் கடலுக்கெல்லோ போனனீங்கள்?"

"கடலுக்குத்தான்... வெளிக்கிட்டனான்."

அந்த அகப்பை அன்று செய்த வேலையை எழுதினால் அன்ரன் அண்ணை என்னோடு கதைக்க மாட்டார். முதலில் சிரித்தவர் மூப்பர். பிறகு வலையை விட்டுவிட்டு வந்தவர்களும் சிரித்தார்கள், சிலர் கோபம் ஆறாமலே.

செலின் அக்கா மூச்சு வாங்கியபடி அதிபரிடம் போனார். "சேர், இந்த வகுப்பை நிப்பாட்டக் கூடாது. இவையள் வெளியிலை வந்தபடியாத்தானே இந்த மனுசன் எங்கை கிடக்கிறாரெண்டு தெரிஞ்சுது!"

அகப்பை இன்னும் அவர் கையில் இருந்தது. அதிபர் சம்மதித்தார். இரண்டே நிபந்தனைகள்: மணிக்குக் கிட்டப் போகக் கூடாது, ஆபத்தென்றால் பிள்ளைகள் தமிழில் கத்தலாம்.

இன்றைக்கும் நான் ஊருக்குப் போய்ப் பிள்ளையார் கோயில் மணியைத் தட்டினால், சுற்றிவர வயல் மட்டுமே இருக்கும் அந்த இடத்தில் நின்று என் தம்பி கத்துவான்: "வள்ளமெல்லாம் கரைக்கு வாங்கோ!" பள்ளிக்கூடத்தில் என் பெயர் மணி ரீச்சர். ஹெலனிடம் மட்டும் ஊரில் இப்போது கலியாணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "மிஸ், இண்டைக்கு அடிக்கேல்லையோ?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன கிழமை, கரையில் ஆடிக்கொண்டிருந்த வள்ளமொன்றைப் பார்த்தபோது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. ஆங்கில வகுப்பைக் கடலுக்கே கொண்டுபோனால் என்ன? இந்தமுறை எல்லாரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். அதிபர் தலையில் கை வைத்தார். மூப்பர் வள்ளம் தருகிறேன் என்றார். செலின் அக்கா சொன்னது இதுதான்:

"வள்ளத்தை இவர் ஓட்டட்டும் ரீச்சர். கடலுக்குத்தான் போனாரெண்டு சொல்ல ஒரு வகுப்பே சாட்சிக்கு இருக்குமெல்லோ."