ஆல்டர்கோட் மாளிகை இடிபடுவது பற்றி அக்காவுக்கு

ஆல்டர்கோட் மாளிகை,
ஹெரிஃபோர்ட்ஷயர்.
ஏப்ரல் 1954. மழை.

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

தம்பி லயோனல் எழுதுவது. நியூசிலாந்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் வீட்டுக்காரி வினிஃப்ரெடும் சுகம் என்று எழுதுவதுதான் முறை; எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. நம் வீட்டை இடிக்கக் கொடுக்கப் போகிறோம்.

உடனே என்னைத் திட்டாதே. காப்பாற்ற முடிந்த வரை பார்த்தோம். பழைய மாளிகைகளை ஏற்றுக்கொண்டு பழுதுபார்க்கிற சங்கம் ஒன்று இருக்கிறது. வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கூரையை மாற்றிக் கொடுத்து, நமக்கும் ஒரு மூலையைச் சாகிற வரைக்கும் விட்டுவைப்பார்கள். வினிஃப்ரெட்தான் அவர்களுக்கு எழுதிப்போட்டாள். பார்வையிட கிரெயில் என்று ஒருவரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல், மழைக்கு ரப்பர் பூட்ஸ். யுத்தத்தின்போது இங்கே தங்கிய ராணுவம் லாரி ஓட்டியே பாதையைச் சேறாக்கிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். சேற்றுக்குப் பயந்து அவர் காரைப் புல்வெளியில் திருப்பினார். மாடுகள் உள்ளே வரக் கூடாது, வேலி போட்டாலோ பார்வைக்கு இடைஞ்சல் என்று நம் முன்னோர் சர் ஜோஸ்லின் அந்தக் காலத்தில் வெட்டிவைத்த பள்ளம் இருக்கிறதே, வீட்டுப் பக்கமிருந்தும் பாதைப் பக்கமிருந்தும் கண்ணுக்கே தெரியாதது, அதில் இத்தனை தலைமுறையில் ஒரு மாடுகூட விழுந்ததில்லை. கிரெயில் விழுந்தார், காரோடு. பக்கத்துப் பண்ணை டிராக்டரை வைத்து இழுத்தோம். வெளியே வந்தவர் தொப்பியைத் துடைத்துக்கொண்டு, "பள்ளம் ரொம்ப நல்லா இருக்கு, அப்படியே பழசு" என்றார். அன்று அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பட்ட காலிலே படும் என்பார்கள். கூடத்துக்கு அழைத்துப்போய், துறவிகளிடமிருந்து இந்த நிலத்தை வாங்கி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட நம் குலமுதல்வர் சர் ஆம்ப்ரோஸின் படத்தைக் காட்டினேன். சின்ன வயதில் நீயும் நானும் தினமும் குட்மார்னிங் சொன்ன படம். கிரெயில் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவர் உங்க முன்னோரா?"

"ஆமா. எங்க குடும்பத்து முதல் சர்."

"மன்னிக்கணும். இவர் டச்சுக்காரர். பீர் வியாபாரின்னு நெனக்கிறேன். உங்க தாத்தா ஏதாவது ஏலத்துல எடுத்திருப்பார்."

"மூக்கு அப்படியே எங்க மூக்குங்க" என்றேன்.

"மூக்கு எல்லாருக்குந்தான் இருக்கு லயோனல், நீங்க சும்மா இருங்க" என்றாள் வினிஃப்ரெட்.

அதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் எனக்கே சந்தேகமாக இருந்தது. நட்சத்திரம் பார்க்கவென்று தாத்தா லூசியஸ் கட்டிய கோபுரத்தைக் காட்டினேன். "இங்க மேகம் எப்ப விலகும்?" என்று கேட்டார். விலகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோபுரம் மட்டும் இல்லையென்றால் முகப்பைப் பற்றி யோசிக்கலாம் என்றார். வடக்கு ஜன்னலில் நிறுத்தி ஏரியைக் காட்டினேன். அங்கே இருந்த ஊரைக் கிளப்பி, மேட்டுக்கு அப்பால் குடிவைத்துவிட்டு சர் ஜோஸ்லின் வெட்டிய ஏரி என்று பெருமையாகவே சொன்னேன்.

"ஊரை எதுக்குக் கிளப்பினாங்க?"

"பார்வையை மறைச்சுதாம்."

"இப்ப என்ன தெரியுது?"

பார்த்தேன். ராணுவம் விட்டுப்போன தகரக் கொட்டகைகள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. வினிஃப்ரெட் தேநீருக்குக் கூப்பிட்டாள்.

ரேஷன் வெண்ணெயை வாரக்கணக்கில் வாயில் படாமல் சேர்த்து அவள் ஒரு கேக் செய்திருந்தாள். கிரெயில் ஒரு துண்டு எடுக்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மேல்கூரையிலிருந்து, நாம் குண்டுப்பையன் என்று கூப்பிடுவோமே, அந்தச் சுண்ணாம்புத் தேவதைக் குழந்தைச் சிலை, இறக்கை கையோடு நேராகக் கேக்கின் நடுவில் வந்து விழுந்தது. மேலேயிருந்து பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. கிரெயில் குழந்தையைக் கேக்கிலிருந்து மெதுவாக எடுத்துத் தன் கைக்குட்டையால் முகம் துடைத்துவிட்டு, "இது அசல். பாவம்" என்றார். அதுதான் இரண்டாவது நல்ல வார்த்தை. மூன்றாவது வரவில்லை. சங்கத்தின் பதில்தான் தபாலில் வந்தது. ஆளுக்கொரு காலத்தில் ஆளுக்கொரு பக்கம் கட்டியிருப்பதால் எந்தக் காலத்து வீடு என்று சொல்ல முடியவில்லையாம், ஏற்பதற்கில்லையாம், கேக்குக்கு நன்றியாம்.

வினிஃப்ரெட் அதைப் படித்துவிட்டு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சொட்டுகிற இடத்திலெல்லாம் வைத்திருந்த வாளிகளை ஒவ்வொன்றாகக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து எனக்கு ஒருநாளும் கால் சூடானதில்ல, லயோனல். நான் சொன்னதுண்டா?"

"இல்ல."

"இப்ப சொல்றேன். சிட்மத்ல கடலப் பாத்த மாதிரி சின்ன வீடு ஒண்ணு இருக்கு. மாடி கிடையாது. கோபுரம் கிடையாது. அங்க போயி மனுஷங்க மாதிரி இருப்போம்."

இந்த வட்டாரத்தில் பாதி மாளிகைகளை இடித்த பாடி என்பவருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை வருகிறார். பீங்கான்களை வினிஃப்ரெட் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

நேற்று ஏரிக்கரை வரை தனியாகப் போனேன். எட்மண்ட் அண்ணா நின்று கூவுவானே, அந்தக் கல்மேல் நின்றேன். யுத்தத்திலிருந்து அவன் திரும்பி வந்திருந்தால் இந்த வீடு அவனுடையது. இந்த இடிக்கக் கொடுக்கிற வேலை எனக்கு வந்திருக்காது. அவன் என்ன கத்தினாலும் எதிர்க்கரை அதைத் திருப்பிச் சொல்லும், நாம் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நானும் ஏதாவது கூவலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வீட்டை இடிக்கக் கொடுத்தவன் என்ன கூவுவான்? குளிரில் இருமல்தான் வந்தது. எதிர்க்கரையும் இருமியது. திரும்பி வந்துவிட்டேன்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை இதுதான், அக்கா. உனக்கு வீட்டிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் உடனே எழுது. டச்சுக்காரரைத் தவிர எதை வேண்டுமானாலும் அனுப்புகிறேன். கில்பர்ட் அத்தானுக்கு என் மரியாதை. பிள்ளைகள் நனையாத வீட்டில் நீண்ட காலம் வாழட்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போடும்போது ஆல்டர்கோட்டுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, செத்தவர்களுக்குச் சொல்வதையே சொன்னால் போதும்.

உன் தம்பி,
லயோனல்

பி.கு.: திங்கட்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் பாடி வந்துவிட்டார். சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சார். கல்லு ஊறிப்போச்சு. உத்தரம் பூரா பூச்சி. கூரையில போட்ட ஈயத் தகட்ட யாரோ முன்னாடியே உருவிட்டாங்க. இத இடிச்சா என் ஆளுங்களுக்குக் கூலிகூடத் தேறாது. அது பாட்டுக்கு விட்டுடுங்க, தானா விழுந்துடும்" என்றார். சாவு வீட்டுக்கு வந்தவர் போலத்தான் பேசினார். வைக்கோலும் கையுமாக வினிஃப்ரெட் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டப் பாத்து என்ன சொல்றீங்க? தானா விழுமா? பட்டாளம் வந்து படிக் கைப்பிடியெல்லாம் பிடுங்கி எரிச்சுது, அப்ப விழல. கூரை பூரா ஓட்டையாகி எத்தன மழை பாத்தாச்சு, விழல. நீங்க ஒரு சுத்தியல எடுத்துக்கிட்டு வந்து சாபம் குடுக்கிறீங்களா? கிளம்புங்க."

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"கிளம்புங்கன்னேன்."

அவர் போய்விட்டார். சிட்மத் வீடு வேண்டாமென்று தந்தி போய்விட்டது. பீங்கான்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. வினிஃப்ரெட் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தார்ச் சட்டியுடன் கூரைமேல் இருக்கிறாள். ஏணியைப் பிடிக்கக் கூப்பிடுகிறாள். மழை வலுக்கிறது, இறங்கு என்றால் இறங்க மாட்டேன் என்கிறாள்.