தொடாதே அண்ணனும் ஒரு மணிக்கு அணையும் அடுப்பும்

அடுப்பைத் தொடாமலே அடுப்பு ரிப்பேர் செய்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்களோடு மலாக்காவின் காஜா பெராங்கில் குடியிருந்தார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் 'தொடாதே அண்ணன்'.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கல்யாணமாகாத குமாஸ்தாக்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பலகை வீட்டில் இருந்தோம். ஆறாவது ஆள் அவர். வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சமையல்கட்டில் அடுப்புகளைப் பராமரிக்கிற வேலை. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். எது கெட்டுப்போனாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "தொடாதே". இரண்டாவது வார்த்தையும் அதுதான். பிறகு பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர்போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"லேசா ஒரு தட்டுத் தட்டிப் பாக்கலாமாண்ணே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஒனக்கு வயித்துவலின்னு போனா டாக்டர் தட்டியா பாப்பாரு? கேள்விதானே கேப்பாரு?"

அவரும் கேள்விதான் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி பாதி வெந்துகொண்டிருந்தபோது எங்கள் மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பு மஞ்சளாக எரிந்து கரியைக் கக்கியது. அண்ணன் எங்கள் ஐந்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். கடைசியாகப் பற்றவைத்தது யார், அடைப்புக் குத்தியது யார், எந்த ஊசியால்? கோர்ட்டில் வேலை பார்த்த நண்பர்தான் கடைசியில் ஒத்துக்கொண்டார். அடுப்பு ஊசி கிடைக்காமல், சாக்குத் தைக்கிற ஊசியால் குத்தியிருக்கிறார். ஓட்டை பெரிதாகிவிட்டது.

"தெனம் கோர்ட்டுல நிக்கிற ஆளு. ஒத்துக்க மூணு மணி நேரமா?" என்றார் அண்ணன். மத்தியானக் கறியை ராத்திரி சாப்பிட்டோம்.

அடுத்த தெருவில் ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். அவர் வீட்டு மண்ணெண்ணெய் ஐஸ்பெட்டி குளிரவில்லை. மூன்று மெக்கானிக்குகள் கழற்றி மாட்டியும் பிரயோஜனமில்லை. அண்ணன் அதன் தலையில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது உருண்டு ஸ்டேஷன் மாஸ்டர் கால்மாட்டில் விழுந்தது. பழைய பேப்பர் ஒன்றை மடித்துப் பெட்டி சாயாமல் நிற்க அதன் ஒரு காலுக்கு அடியில் கொடுத்தார். மறுநாள் ஐஸ் கட்டிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பெரிய ஏமாற்றம்.

"இவ்வளவுதானா?"

"பத்தலேன்னா இன்னும் ரெண்டு பேப்பர் வெக்கிறேன்யா."

அவருடைய உண்மையான பரீட்சை ரொட்டிக்கடையில் வந்தது.

ரொட்டிக்கடை முதலாளியை, ஊர் வழக்கப்படி, தவுக்கே என்போம். அந்தக் கடையும் அதிலிருந்த விறகு அடுப்பும் அவருடைய மாமனார் கட்டியவை. தவுக்கே ஒருநாள் அந்த அடுப்பை இடித்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து கேஸ் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே, கூரைச் சரிவின் கீழ் கேஸ் தோங், அதாவது சிலிண்டர். உள்ளே, அதே ஜன்னலடியில், தவுக்கே மத்தியானம் தூங்குகிற பெஞ்சு. அப்பா கட்டிய அடுப்பு போன அன்றிலிருந்து தவுக்கேயின் மனைவி அவரோடு பேசவில்லை. அந்த அம்மாள் மலாக்காச் செட்டி வம்சம். தமிழ் புரியும், பேசுவது மலாய். நான்கு மாதமாக இரண்டு மொழியிலும் பேச்சு இல்லை.

அதோடு புது அடுப்பும் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. காலையெல்லாம் நீலமாக எரியும். மத்தியானம் ஒரு மணிவாக்கில் சுருங்கி அணைந்துவிடும். தோங் காலியென்று நினைத்து மாற்றினால், அது பாதிக்குமேல் நிறைந்திருக்கும்.

எங்கள் வாலிபர் சங்கம் அப்போது பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைத்திருந்தது. நான் செயலாளர். சாயங்காலம் முந்நூறு பன் வேண்டும். போட்டி நடந்த விடுமுறை நாள் காலையில் போய்ப் பார்த்தால் கடையில் பெரிய ரகளை. மாவு பிசைகிற சாமிக்கண்ணு மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மாமனார் காலத்திலிருந்து அங்கே வேலை செய்கிறவர்.

"இவந்தான். நான் கண்ணசந்தா வால்வைத் திருகி மூடிடறான். வெறகு அடுப்பு போன கோவம்," என்றார் தவுக்கே.

"ஒங்க அடுப்பு மேல கோவம்தான். அதுக்காக மாவுக்குத் துரோகம் பண்ணுவேனா தவுக்கே?" என்றார் சாமிக்கண்ணு. அவர் கண் கலங்கியிருந்தது.

நான் ஓடிப்போய் அண்ணனை அழைத்து வருவதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவர் நுழையும்போது, கேஸ் கசிகிறதா என்று பார்க்க தவுக்கே தீக்குச்சியைக் கிழிக்கப் போனார். அண்ணன் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"சவுக்காரம் குடுங்க."

கை கழுவத்தான் என்று நினைத்து சாமிக்கண்ணு துண்டும் கொடுத்தார். அண்ணன் நுரையைக் குழாய் மூட்டுகளில் பூசி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"தெனமும் அணையுதா?"

"தெனமும்."

"ஞாயித்துக்கிழமை?"

தவுக்கே யோசித்தார். "ஞாயித்துக்கிழமை அணையறதில்ல. அன்னிக்கு நான் உஜோங் பாசிருக்குத் தூண்டில் போடப் போயிடுவேன். இவன்தான் கடையில தனியா இருப்பான்."

"அப்ப இவரு தனியா இருக்கிற அன்னிக்கு நல்லா எரியுது. நீங்க தூங்குனாத்தான் அணையுது," என்றார் அண்ணன். "சரி, படுங்க."

"எதுக்கு?"

"நோயாளி எப்ப இருமுறான்னு பாக்க வேணாமா? படுங்க தவுக்கே."

இப்படி ஒரு வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதில்லை. சாமிக்கண்ணு அடுப்பைப் பற்றவைத்தார். என் முந்நூறு பன்னும் மாவாகத் தட்டுகளில் உட்கார்ந்திருக்க, தவுக்கே பெஞ்சில் படுத்துத் தூங்குவதுபோல் நடித்தார். ஐந்தாவது நிமிஷம் நடிப்பு நின்று குறட்டை வந்தது. அண்ணனும் நானும் பின்பக்கம் விறகுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டோம்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் பின்வாசல் திறந்தது. தவுக்கேயின் மனைவி வந்தார். கையில் சாக்கு, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னல் வழியாகப் புருஷன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாக்கிலிருந்த ஐஸ் கட்டிகளைத் தோங்கைச் சுற்றி அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி, குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல் இழுத்துவிட்டார்.

அண்ணன் கனைத்தார். அந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நந்தி மெலெத்துப்," என்றார் மெல்லிய குரலில். வெடித்துவிடும் என்று அர்த்தம். சூடு பட்டால் கேஸ் தோங் வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த மனுஷனோ உச்சி வெயிலில் அதன் பக்கத்திலேயே தலை வைத்துத் தூங்குகிறார். பேசினால்தானே இடம் மாறிப் படு என்று சொல்லலாம்? அவர் விழிக்குமுன் சாக்கையும் ஐஸையும் எடுத்துவிடுவாராம்.

உள்ளே தீ சுருங்க ஆரம்பித்தது. தோங் குளிர்ந்துவிட்டால் உள்ளே இருக்கிற கேஸ் மேலே எழும்பி வராது என்று அண்ணன் எனக்கு விளக்கினார். அந்த அம்மாளுக்கும் மலாயில் சொன்னார். அவர் இரண்டு கையையும் கூப்பி, புருஷனிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

"சொல்லாட்டி சாமிக்கண்ணு வேலை போயிரும்மா," என்றார் அண்ணன்.

அந்த அம்மாள் தாமே உள்ளே போய்த் தவுக்கேயைத் தட்டி எழுப்பி, ஜன்னலைக் காட்டினார்.

தவுக்கே எட்டிப் பார்த்தார். ஐஸைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"இவ்ளோ ஐஸைத் தெனம் நீயேவா தூக்கிட்டு வந்த?" என்றார் கடைசியில்.

"பெராட்," என்றார் அந்த அம்மாள். கனம் என்று அர்த்தம். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

தவுக்கே நேராகச் சாமிக்கண்ணிடம் போய் அவர் மூட்டையைத் தானே அவிழ்த்தார். "மன்னிச்சுக்கப்பா," என்றார். சாமிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாவு பொங்கி வழியுது, தள்ளுங்க," என்றார்.

கேஸை மூடி, ஐஸை எடுத்துப்போட்டு, மறுபடி திறக்குமுன் தோங்கின்மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். சீக்கிரம் சூடாகட்டும் என்று தவுக்கே கொதிக்கிற வெந்நீர்க் கேத்தலோடு வந்தார்.

"தொடாதே," என்றார் அண்ணன்.

அவர் செய்த ரிப்பேர் ஒன்றே ஒன்று. பெஞ்சின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். ஜன்னலடியிலிருந்து தூக்கி, அந்த அம்மாள் உட்காருகிற மேசைப் பக்கம் போட்டோம். பன் வந்து சேரும்போது கடைசி ஓட்டப்பந்தயமும் முடிந்துவிட்டது. எல்லாம் சுடச்சுட இருந்ததால் பிள்ளைகள் ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து அண்ணன் ஜொகூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு வேலை மாறிப் போனார். விலாசம் தருகிறேன் என்றார், தரவில்லை. எனக்குக் கல்யாணமாகி, வீட்டில் இப்போது புது கேஸ் அடுப்பு. வாங்கிய நாளிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் எரிகிறது. கெட்டுப்போனால்தான் என்ன என்று சில நாள் எனக்குத் தோன்றும். ஜொகூர் முழுக்கத் தேடியாவது அவரைக் கூட்டி வந்துவிடுவேன்.