அசல் நிலைச் சான்றிதழ்

நாற்பது வயது கடந்த கார்கள் அனைத்தும் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் 'அசல் நிலைச் சான்றிதழ்' பெற வேண்டும், தவறினால் பொதுநலன் கருதி அன்புடன் நசுக்கப்படும் என்று ஆணை வந்தது. 'அன்புடன்' மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் அவர்கள் எழுதியதுதான்.

என் அக்காவிடம் அப்படியொரு கார் இருக்கிறது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் குனிந்து ஏற முடியாது. இந்தக் காலத்துக் காரில் உட்காருவதென்றால் அவளுக்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி. பழைய காரில் சீட்டும் உயரம், கதவும் அகலம். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போவது அதில்தான். அது போனால் அவள் மறுபடி படுத்த படுக்கைதான்.

நான் மெக்கானிக். அதனால் மனுவை நானே நிரப்பினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. 'செய்த வேலைகள்' என்று ஒரு கட்டம். 'ஆயில் மாற்றினேன்' என்று எழுதித் தொலைத்திருக்கலாம். எஞ்சினுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? தொழில் கர்வம் சும்மா விடுமா? 'வால்வு சீட்டுகளை எடுத்துவிட்டுக் கெட்டி எஃகில் புதுசு அடித்து, டாப்பெட் இடைவெளி சரிசெய்து, இன்றைய பெட்ரோலில் ஜம்மென்று ஓடும்படி செய்துள்ளேன்' என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். முட்டாள், வேறென்ன சொல்ல!

சான்றளிக்கும் அதிகாரி எதற்கெடுத்தாலும் விதியின் உபபிரிவைக் கேட்பவர்; அவருடைய ஆபீஸிலேயே 'உபபிரிவு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் அடிக்கோட்டின் மேல் விரல் வைத்தார்.

"அப்ப இது அசல் இல்லியே?"

"சார், சீட்டுன்னா எஞ்சினுக்குள்ள வால்வு வந்து உட்கார்ற வளையம். அசல் சீட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குன்னு பண்ணது. அந்த ஈயம்தான் அதைத் தேயாம காப்பாத்தும். இப்ப வர்ற பெட்ரோல்ல ஈயம் கிடையாது. மாத்தலைன்னா சீட் தேஞ்சு, வால்வு உள்ள அமுங்கி, எஞ்சினே போயிடும்."

"பழைய சீட்டையே போட்டு, ஈயம் கலந்ததை ஊத்துங்க."

"அதைத் தடை பண்ணிட்டாங்களே சார்!"

"யாரு?"

"நீங்கதான். இதே ஆபீஸ்தான்."

"அது மாடி. நான் கீழ" என்றார், பக்கத்து நாட்டைச் சொல்வதுபோல.

மாடிக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா எரிபொருள் பிரிவு. முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும்.

"ஈயம் கலந்த பெட்ரோல் வச்சிருந்தா ஆறு மாசம் உள்ள போகணும்."

"கீழ கேக்கறாங்கம்மா."

"கேக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. குடுக்க எங்களுக்கு இல்ல. ரெண்டுமே சட்டப்படி சரி. இதுல உங்களுக்கு என்ன குறை?"

எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏறி இறங்கியதில் முழங்கால் மட்டும் கழன்றுவிட்டது. தேதி இருபத்தொன்பது. உபபிரிவின் மேஜை முன்னால் நின்று, வெட்கத்தை விட்டு, அக்காவின் இடுப்பிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனிதருக்கு நிஜமாகவே மனசு இளகிவிட்டது. விதிப்புத்தகத்தை எடுத்தார். அரை மணி நேரம் புரட்டினார்.

"இங்க பாருங்க. 'அசல் அல்லாத பாகம் வாகனத்தில் இருத்தல் கூடாது.' இருக்கத்தானே கூடாது? இல்லாத பாகத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எஞ்சினைக் கழட்டிட்டா வால்வு கேள்வி வராது. வால்வு இல்லன்னா எரிபொருள் கேள்வியும் வராது. ரெண்டு கட்டத்துலயும் டிக் போட்டுடறேன்."

"சார், வண்டி ஓடாதே?"

"ஓடணும்னு எந்த உபபிரிவுல இருக்கு?"

நசுக்குவதைவிட இது தேவலை என்று ராத்திரியோடு ராத்திரியாக எஞ்சினை இறக்கினேன். மறுநாள் நாலு பேர் தள்ளிக்கொண்டு போனோம். சான்றிதழோடு கதவில் ஒட்ட ஒரு பித்தளைத் தகடும் தந்தார்கள். உபபிரிவு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

அடுத்த வாரம் பழங்கார் கண்காட்சி. எங்கள் வண்டிக்கு முதல் பரிசு. "சத்தமில்லை, புகையில்லை, தூய்மையின் உச்சம்" என்று நடுவர் உருகினார். பல் டாக்டர் ஒருவர் பானட்டைத் தூக்கி, உள்ளே இருந்த வெறுமையை வெகுநேரம் ரசித்தார். "என்ன ஒரு நேர்த்தி! எனக்கும் இதே மாதிரி பண்ணிக் குடுங்க." அவருக்குப் பின்னால் ஜவுளிக்கடை முதலாளி நின்றார், அவருக்குப் பின்னால் இன்னும் பலர். நானும் மனுஷன்தானே? ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி கொடுத்தேன்.

இன்று காலை அக்கா ஊன்றுகோலோடு ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

"ரெண்டு வாரமா ஆஸ்பத்திரிக்குப் போகலடா. கால் மரத்துப் போவுது. எஞ்சினை எப்படா திருப்பி மாட்டுவே?"

"மாட்டினா தகடு போயிடும்க்கா. கொஞ்சம் பொறு, வேற வழி பாக்கறேன். இப்ப கை நிறைய வேலை. எஞ்சின் கழட்ட பதினோரு வண்டி வரிசையில நிக்குது."

அக்கா தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அதுல ஒண்ணாவது ஓடுமாடா?"

"இன்னிக்கு வரைக்கும் எல்லாமே ஓடுதுக்கா."