ஒன்பதாவது தொழிலாளிக்கு ஒரு சாயா

உலகப் பொருளாதாரத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் செத்துப்போய்விட்டார். இன்னொருவர், மட்டாஞ்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்த சுக்கு குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தகவலைத் தந்தவரும் அவரேதான்.

தென்காசிக்காரர். கொச்சிக்கு வந்து முப்பது வருஷம். மழை பெய்தாலும் சரி, மனைவி முறைத்தாலும் சரி, "பொருளாதாரப்படி பாத்தா..." என்றுதான் ஆரம்பிப்பார். பெயரே 'பொருளாதாரம்' ஆகிவிட்டது. சாமி கிடையாது என்று காலை முழுக்க வாதாடுவார். கனத்த மூட்டை தோளில் ஏறினால் மட்டும் "முருகா!" என்பார். கேட்டால், "அது பக்தி இல்லடே, மூச்சு விடுத முறை!"

ஒருநாள் முதலாளி ஃபோர்க்லிஃப்ட் வாங்கினார். பத்து மூட்டையை ஒரே தடவையில் தூக்கும் மஞ்சள் வண்டி. சுமை தூக்கும் எட்டுப் பேரும் இனி வேலை போய்விடும் என்று கூடிப் பேசினார்கள். எட்டுப் பேரில் மூத்தவர், குனிந்தால் நிமிர முடியாத மொய்து இக்காவுக்குத்தான் முதல் சீட்டு கிழியும் என்று பேச்சு. கொடி பிடிக்கலாம் என்றார்கள். பொருளாதாரமோ வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இவனும் வேலைதானடே செய்யுதான்? அப்ப இவனும் தொழிலாளிதான்" என்றார்.

மறுநாள் பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்திச் சாவியை உருவிவிட்டார். அதன் முன்னால் ஒரு கிளாஸ் சாயா, நம்மூர் வாழைப்பழ பஜ்ஜி மாதிரி ஒரு பழம்பொரி.

"எந்தாடோ இது?" முதலாளி கத்தினார்.

"சாயா டைம் மொதலாளி. எட்டுப் பேருக்கு உண்டு, ஒம்பதாவது ஆளுக்கு மட்டும் கெடையாதா?"

"அது மெஷினல்லே! மெஷின் சாயா குடிக்குமோ?"

"குடிக்காதது அவன் இஷ்டம். கொடுக்கது நம்ம கடமை."

பழம்பொரியை அவரே தின்றார். வீணாக்கக் கூடாதாம்.

அடுத்து, வண்டி எந்த மதம் என்ற சிக்கல். தெரியாத வரைக்கும் ஓணம், பெருநாள், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் லீவு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளி பிபி மாத்திரை போட்டுக்கொண்டார்.

மூன்றாவது வாரம் வண்டி படுத்துவிட்டது. "தொலையட்டும், விற்றுவிடுகிறேன்" என்றார் முதலாளி. எல்லோரும் கைதட்டினார்கள். பொருளாதாரம் மட்டும் வண்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒடம்புக்கு முடியலேன்னா வெளியே தள்ளிருவீகளா? இன்னைக்கு இவன், நாளைக்கு மொய்து இக்காவா?"

கைதட்டல் நின்றது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எந்த வண்டியைச் சபித்தார்களோ, அதே வண்டிக்காக வேலைநிறுத்தம்! வாசலில் சரக்கு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தனையும் அனுப்பலடோ! மனுஷனையும் இல்ல, மெஷினையும் இல்ல! எழும்பு!"

வார்த்தையைக் காப்பாற்றினார். பழுது பார்த்த வண்டியை ஓட்டப் பழகியவர் மொய்து இக்கா. இடுப்புக்குத் தலையணை வாங்கிக் கொடுத்தது யாரென்று சொல்லவேண்டியதில்லை.

இப்போது நான் கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில். அவர் தென்காசிக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஒரு மணிநேரம் உலகச் சந்தையை எனக்கு விளக்குவார். ஒரு வார்த்தை புரியாது. கூப்பிடுவது என்னவோ எப்போதும் நான்தான்.