பதினேழாம் வரிசைப் புகார்

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தே முப்பது வருஷம் ஒரு நூலகத்தை அடக்கி ஆண்ட மாமா அவர்களுக்கு, லிஃப்ட் பழுது பார்க்கும் தங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மகளும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். தங்கள் பேத்தி சில்வண்டு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள் தங்கள் மகள். மரியாதை முந்திக்கொண்டது, மன்னிக்கவும்.

பிள்ளையை அழைத்துக்கொண்டு நான் கிளம்ப, வாசலில் டாக்சி நிற்கும்போது தாங்கள் விரலை நீட்டிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “மாப்பிள்ளை, பிளேன்ல ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிடணும், ஆமா! ஸ்கூல்ல சேர்க்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்.” நானும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன். போனில் இதைக் கேட்ட தங்கள் மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை மாறி நாங்கள் இருவரும் இங்கே வந்து எட்டு மாதம். எட்டு மாதமாகப் பிள்ளையைத் தங்களிடம் விட்டுவிட்டு, போனில் முகம் பார்த்துக் காலம் தள்ளியவள். “மூணு மணி நேரங்க! நாலு வயசு! அவ வாயை யாரால மூட முடியும்? உங்களை யாரு தலையாட்டச் சொன்னது?” என்று ஒரு பிடி பிடித்தாள். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் மாமா, நாங்கள் பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. பிள்ளை வாயே திறக்கவில்லை. அடுத்தவர் வாயைத்தான் திறக்க விடவில்லை. எட்டு மாதத்தில் தாங்கள் அவளுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்களோ, பிளேனுக்குள் நுழைந்து அத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அதை நூலகம் என்றே முடிவு கட்டிவிட்டாள். முன்சீட்டில் இரண்டு பேர் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் சீட்டில் ஏறி நின்று, இருவர் தலைக்கும் நடுவில் முகத்தை நீட்டி, “உஷ்ஷ்!” என்றாள். அவர்கள் பாதி வார்த்தையோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒருவர் பத்திரிகை புரட்டினார். “பதினாலு நாள்ல திருப்பித் தரணும், மடிக்கக் கூடாது” என்று அவருக்கு ஓர் எச்சரிக்கை. அப்புறம் விமானி ஒலிபெருக்கியில் வணக்கம் சொன்னாரா, இவள் மேலே அண்ணாந்து பார்த்து, “யாரு அது? பேசுறதா இருந்தா வெளியே போய்ப் பேசுங்க!” என்றாளே பார்க்கலாம். விமானியை வெளியே போகச் சொன்ன முதல் பயணி இவளாகத்தான் இருப்பாள். எல்லோரும் சிரிக்க, எனக்கு மட்டும் வியர்த்து ஊற்றியது. புகார் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டது.

அப்போதுதான் பிளேன் கிளம்பி மேலே ஏறியது. எங்கள் வரிசையில், அதாவது பதினேழாம் வரிசையில், மீசையெல்லாம் வைத்த ஓர் ஆள். காலுக்கடியில் ‘தடக்’ என்று ஒரு சத்தம் வந்ததும், “ஐயோ, ரோப்பு அறுந்துபோச்சு! கதவைத் திறங்க, எல்லாரும் இறங்குங்க!” என்று அலறினார் பாருங்கள், பிளேனே கிடுகிடுத்துவிட்டது. நாலு பேர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். அது சக்கரம் மடங்குகிற சத்தம்தானாம். பணிப்பெண் ஓடி வந்து சொல்லியும் அந்த ஆள் நம்பவில்லை. கடைசியில் சில்வண்டுதான் அவர் வாயைத் தன் இரண்டு கையாலும் பொத்தி, “உஷ்! இது என்ன உங்க வீடா?” என்று அதட்டி அடக்கினாள். பணிப்பெண் ஒரு தாளை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தாள். போச்சு, புகார்தான் என்று எட்டிப் பார்த்தேன். சில்வண்டைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை, எல்லாம் அந்த ஆளைப் பற்றித்தான். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. வளர்ந்த மனிதர் இப்படி நடந்துகொண்டால் அவரைப் பெற்றவர்களைத்தானே மாமா சொல்ல வேண்டும்?

நடுவழியில் பின்சீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதைப் பெற்ற சின்னப் பெண் தோளில் போட்டுத் தட்டுகிறாள், ஆட்டுகிறாள், ஒன்றும் நடக்கவில்லை. சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லாம் இதுவரை அழுததே இல்லை என்பது போலத் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். சில்வண்டு போய் உதட்டில் விரலை வைத்து, கண்ணை உருட்டி, “உஷ்ஷ்” என்றாள். அச்சு அசல் தாங்களேதான். குழந்தை கெக்கெக்கே என்று சிரித்துவிட்டது. “எப்படிங்க இப்படி வளர்த்தீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். “எல்லாம் அப்பா, அம்மா கையிலதாங்க இருக்கு” என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

இறங்கி வெளியே வந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தங்கள் மகள், கையில் ஒரு பலூன், மூக்கெல்லாம் சிவந்து. கதவு திறந்ததும் “என் தங்கம்!” என்று கத்தினாள். ‘உஷ்’ வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை மாமா. மூணு மணி நேரம் அடக்கி வைத்தாளோ, எட்டு மாதம் அடக்கி வைத்தாளோ தெரியவில்லை, “அம்மா!” என்று ஒரு கத்து கத்தினாள். அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. அவளை அடக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் நின்று அழுதேன்.

ஆக, தங்கள் பேத்தி மேல் புகார் இல்லை. தாங்கள் நிம்மதியாக இருக்கலாம், நாங்களும் இருக்கிறோம். அத்தைக்கு எங்கள் வணக்கம். இருவரும் எங்களை மனசார வாழ்த்துங்கள்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தைத் தங்கள் மகள் படித்துவிட்டாள். பிளேனில் நடந்ததையெல்லாம் சில்வண்டு ஏற்கெனவே அவளிடம் சொல்லிவிட்டாளாம். “உண்மையை நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?” என்கிறாள். அந்த மீசைக்காரர் நான்தான். லிஃப்ட்டில் அப்படிச் சத்தம் வந்தால் ரோப்புதான் மாமா, பழக்க தோஷம். என்னைப் பெற்றவர்களைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். ஒரு புகார் வந்தாலும் திருப்பி அனுப்பணும் என்று சொன்ன தாங்கள், யாரை என்று சொல்லவில்லை. ஆகவே சில்வண்டு இங்கேயே அம்மாவோடு இருப்பாள். நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஸ்கூலில் சேர்க்கிற வரைக்கும் அங்கேயே இருக்கிறேன்.