கன்பாய் என்றால் நான் இல்லையாம்

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஒரு மனிதன் எவ்வளவு கோமாளியாக முடியுமோ, அவ்வளவும் நான் ஆகியிருக்கிறேன். என்னை மிஞ்சியவர் யாராவது இருந்தால் கம்பம் பஜாருக்கு வரட்டும், ஏலக்காய் டீ வாங்கித் தருகிறேன். ஏலக்காய் என் கடைச் சரக்கு, டீக்குத்தான் செலவு.

என் பெயர் முகமது கனி. ஆனால் 'கனி பாய்' என்று நிறுத்தி நிதானமாகக் கூப்பிட எங்கள் பஜாரில் எவருக்கும் பொறுமை கிடையாது. மூட்டை இறக்குகிறவர், டீக்கடைக்காரர், மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும் மலையாளத்துக்காரர், எல்லாருக்கும் நான் 'கன்பாய்'தான். எங்கிருந்து அந்தச் சத்தம் கேட்டாலும் சட்டென்று எழுந்து நிற்பேன். (தூக்கத்தில்கூட எழுந்து நின்றேன் என்று என் மனைவி சபுரா சொல்வாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம்.)

எங்கள் மகள் நஸ்ரின், வந்த வரனையெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒருத்தன் போட்டோவுக்கும் கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறான் என்றாள். இன்னொருத்தன் சிரிக்கவே இல்லை என்றாள். சிரித்த ஒருத்தனை எதற்குச் சிரிக்கிறான் என்று கேட்டாள். கடைசியில் கூடலூர்ப் பையன் ரியாஸின் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "விசாரிச்சுப் பாருங்க அத்தா" என்றாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள். பையன் துபாயில் ஒரு ஜப்பான்காரரிடம் சமையல் கற்றுக்கொண்டு, குமுளிக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் செஃப்பாக இருந்தான்.

சபுராவுக்கு அந்த ரிசார்ட் என்ற சொல்தான் உறுத்தியது.

"அது பாட்டில் பொழங்குற இடம். பையனுக்கு அந்தப் பழக்கம் இருக்கா இல்லையான்னு நீங்களே கண்ணால பாத்துட்டு வாங்க. புள்ளை இப்பத்தான் வாயத் தொறந்து ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கு. இதையும் கெடுத்துட்டு வந்தீகன்னா, அங்கனயே பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்துக்கங்க!"

எங்கள் பக்கம் மாப்பிள்ளையை விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விசாரிப்பது மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், 'எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கும்' என்று அந்த வீட்டார் முறுக்கிக்கொள்வார்கள். பேச்சு அதோடு முறிந்துபோகும். அதனால் பையன் முடிவெட்டும் சலூனில், சாமான் வாங்கும் கடையில், தொழப்போகும் பள்ளிவாசலில் என்று போகிற போக்கில் வாயைப் பிடுங்கவேண்டும். ஆனால் மலை உச்சியில் இருக்கிற ரிசார்ட்டில் யார் வாயைப் பிடுங்குவது?

அதற்கு வழி கண்டுபிடித்தவன் என் மச்சினன் ஜமால். அவன் கண்டுபிடிக்கிற வழியெல்லாம் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போகும்.

"மச்சான், சனிக்கிழமை சாயங்காலம் அங்கன ஜப்பான் மீன் விருந்து. பையன்தான் முன்னால நின்னு செஞ்சு காட்டுறான். திருச்சி பேங்க் ஆபீசருகன்னு சொல்லி ரெண்டு சீட்டுப் போட்டுட்டேன். நீங்க ஹமீது, நான் இப்ராஹிம்."

மீன் என்றால் எனக்கும் உயிர். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அக்கா மகனுடைய கோட்டை மாட்டிக்கொண்டேன். (பட்டன் போட்டால் மூச்சு விடமுடியாது, மூச்சு விட்டால் பட்டன் தெறிக்கும்.) லோயர்கேம்ப் தாண்டி மலைப்பாதையில் கார் வளைந்து ஏறும்போதுதான் ஜமால் மீதியைச் சொன்னான்.

"மீனோட கொஞ்சம் விஸ்கியும் உண்டு மச்சான்."

"கொஞ்சம்னா?"

"அஞ்சு வகை."

"ஏலே, வண்டியை நிறுத்து!"

"வளைவுல நிறுத்தக்கூடாது மச்சான். நாம தொடவா போறோம்? அவன் தொடுறானான்னு பாக்கத்தானே போறோம்? அதுக்கு இதைவிடத் தோதான இடம் எது, சொல்லுங்க?"

கார் குமுளியைத் தாண்டியது.

நீளமான மேசை. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்த இருபது பேர். என் இடத்தில் 'ஹமீது' என்று அட்டை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு நிமிடம், வேறு யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்துவிட்டோமோ என்று பதறி எழப்போனேன். ஜமால் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். எங்களுக்கு விஸ்கி வேண்டாம் என்றதும், பரிமாறுகிற பெண் மற்றவர்களுக்கு வைத்த அதே மாதிரிச் சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

விஸ்கிக்கு ஒரு தாடிக்காரர் வாத்தியார். "முதலில் நிறத்தைப் பாருங்க. லேசா சுழற்றுங்க. வாயைக் கொஞ்சம் திறந்து வைச்சுக்கிட்டு, மூக்கை உள்ளே விட்டு மெதுவா இழுங்க" என்று பாடம் நடத்தினார். தினமும் காலையில் ஏலக்காய் மூட்டையில் நான் செய்கிற வேலை. இதற்கெல்லாம் டிக்கெட் போடலாம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு வெள்ளைக் கோட்டோடு ரியாஸ் வந்தான். போட்டோவில் இருந்ததைவிட லட்சணம். சோற்றை ஒரு பிடி எடுத்து, இரண்டு விரலால் அமுக்கி, மேலே மீன்துண்டை வைக்கிற நேரத்தில் நமக்குக் கண் இமைக்கக்கூட முடியாது. "இதைக் கையாலயே சாப்பிடலாம். ஆனா பிட்டுச் சாப்பிடக்கூடாது, முழுசா ஒரே வாய்" என்றான். கையால் சாப்பிடலாம் என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி நிக்காஹ் என் மனதில் முடிந்துவிட்டது.

"மச்சான்," ஜமால் காதோரம் வந்தான், "சோறு புளிச்சிருக்கு. மீனை வேகவைக்கவும் மறந்துட்டாக."

"ஏலே, பேங்க் ஆபீசர் மாதிரிப் பேசு."

தட்டோரத்தில் பச்சையாக ஒரு விழுது இருந்தது. "வசாபி சார், பாத்து, காரம்" என்றாள் பரிமாறிய பெண். பேங்க் ஆபீசரிடம் அப்படிச் சொல்லலாம். மிளகும் வத்தலும் நெடியடிக்கிற பஜாரில் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்லலாமா? இருந்ததை முழுக்க வழித்து மீன்மேல் அப்பி, ஒரே வாயாகப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாடிக்காரர் என்னவோ சொல்ல, ரியாஸ் ஒரு குவளையைக் கையில் எடுத்தான். உள்ளே பொன்னிறமாக ஏதோ இருந்தது. குவளையை உயர்த்தினான், நேராக எங்கள் பக்கம் பார்த்தான், வாய்நிறையச் சிரித்தபடி கத்தினான்:

"கன்பாய்!"

இருபது பேரும் குவளையைத் தூக்கி, "கன்பாய்!"

எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. போச்சு, பிடித்துவிட்டார்கள், எல்லாம் போச்சு என்று காதுக்குள் ஒரே இரைச்சல். வாயோ நிறைந்து கிடக்கிறது. வசாபி மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஒரு பெரியவர் எழுந்து நின்று மரியாதை செய்கிறாரே என்று அந்த ஜனத்துக்குக் குஷி. என்னைப் பார்த்துக் குவளையை நீட்டி இன்னொரு தடவை, "கன்பாய்!"

எப்படியோ விழுங்கினேன்.

"ஆமாய்யா! நான்தான் கன்பாய்! கம்பம்! திருச்சியும் இல்ல, பேங்கும் இல்ல, ஏலக்காய்க் கடை! பொண்ணைப் பெத்தவன் நாலு இடத்துல விசாரிக்கமாட்டானா? அது ஒரு குத்தமா? எம் பொண்ணு இப்பத்தான் ஒருத்தனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கா... அதுக்காகத்தான்யா வந்தேன்!"

கண்ணீரோடு ஒரு தகப்பன் இப்படிப் பேசினால் யார்தான் தாங்குவார்கள்? எதிரில் இருந்த கொச்சி அம்மா, "கரயண்டா சேட்டா" என்று, அழவேண்டாமென மலையாளத்தில் தேற்றி டிஷ்யூவை நீட்டினார். ஜமால் மெனு அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கு வேண்டியவரா?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டதற்கு, "பஸ்ல பழக்கம்" என்றானே, பாவி!

தாடிக்காரர் மெதுவாக வந்து என் தோளைத் தொட்டார். "சார், கன்பாய்னா ஜப்பான் மொழியில சியர்ஸ். குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்றது. உங்களை யாரும் கூப்பிடலை."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

ரியாஸ் கையில் குவளையோடு அப்படியே நின்றிருந்தான். "கம்பம்... கனி மாமாவா?" என்றான். சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? வந்த வேலையையாவது முடித்துவிட்டுப் போவோம் என்று துணிந்துவிட்டேன்.

"தம்பி, அந்தக் கையில என்ன?"

"டீ மாமா. நான் அதையெல்லாம் தொடுறதில்ல."

வாங்கினேன். நிறம் பார்த்தேன். சுழற்றினேன். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். வசாபி புண்ணியத்தில் மூக்கு அப்படித் திறந்து கிடந்தது. ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"டீதான்" என்றேன். "ஏலக்காய்தான் பழைய சரக்கு."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ரியாஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்டோர்ல சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் மாமா" என்றான்.

வீட்டு வாசலிலேயே சபுரா நின்றிருந்தாள்.

"குடிக்கிறானா?"

"இல்ல."

"நம்மளைத் தெரிஞ்சிருச்சா?"

"கொஞ்சம்" என்று நான் இழுக்க, ஜமால் முந்திக்கொண்டான். "அக்கா, பெங்களூர் வரைக்கும் தெரிஞ்சிருச்சு."

நடந்ததையெல்லாம் அவன் நடித்தே காட்டினான். நஸ்ரின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆசைப்பட்டு ஒன்றே ஒன்று கேட்டாள், அதை இருபது பேர் முன்னால் ஏலம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டாவது தடவை கண் கலங்கியதற்கு வசாபி காரணமில்லை.

மறுநாள் கடையில் இருக்கும்போது கூடலூரிலிருந்து பையனின் அத்தா போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சலாம் சொன்ன கையோடு மன்னிப்பும் கேட்டேன்.

"அட, விடுங்க. நாங்களும் உங்க கடைக்கு வந்தோம்ல, தேனிக்காரகன்னு சொல்லிக்கிட்டு. கால் கிலோ ஏலக்காய் நீங்கதான் நிறுத்துக் குடுத்தீக."

"பையன் என்ன சொல்றாப்ல?" என்றேன்.

"புள்ளைக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு மாமா அத்தனை பேர் முன்னாடி அழுது சொல்லியிருக்காரு, இனிமே யோசிச்சா நான் மனுசனா அத்தா, அப்படிங்கிறான்."

அல்ஹம்துலில்லாஹ் என்றுவிட்டுக் கல்லாவிலேயே உட்கார்ந்து அழுதேன். மூட்டை இறக்குகிறவர்கள் ஏலக்காய் விலை விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது ரியாஸ் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. வந்தால் நஸ்ரின் டீ கொடுப்பாள். அவர் குடிக்கமாட்டார், நேராக என்னிடம் வந்து, பெரிய மரியாதையாகக் குவளையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் மோந்து பார்த்துத் தலையாட்டியபிறகுதான் ஒரு வாய். வீடே சிரிக்கும். ஜமால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

போன பெருநாளைக்கு வந்திருந்தார்கள். பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை, நடைதான் வந்திருக்கிறது. பாலைக் கொடுத்தால் குடிக்காமல் புட்டியைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்தி என்னிடம் வந்தாள். ரப்பரை என் மூக்கிலேயே வைத்து அழுத்திவிட்டு, தீர்ப்புக்காக முகத்தையே பார்த்தாள். மோந்து பார்த்தேன்.

"புதுச் சரக்குதான் ஆத்தா, குடி" என்றேன். அப்புறம்தான் குடித்தாள்.